ஒரு சுவிஸ் துவக்கின் பூர்வீகம்

1

போன வருடம் வசந்த காலத்தில் ஒரு காலை, டோர்ட்மண்டில் உள்ள எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். மூத்தவர் அடையாள அட்டையைக் காட்டி, ஆயுத அனுமதி அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். என் மனைவி வசந்தி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரப்பா?" என்றாள்.

"துவக்குப் பாக்க வந்திருக்கினம்."

"தேத்தண்ணி குடிப்பினமோ எண்டு கேளுங்கோ."

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்த உரையாடல் விசித்திரமாக இருக்கும். துவக்குத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வந்தால் என்ன நடக்கும் என்பதை அறிந்த தலைமுறைதான் நானும் வசந்தியும். ஆகவே விளக்கிவிடுகிறேன். நான் இந்த நகரத்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதியில் குறி பார்த்துச் சுடுவோர் சங்கம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் அநேகமாக எல்லா ஊர்களிலும் உண்டு. அதில் நான் உறுப்பினன். என் பெயரில், அனுமதிப் பத்திரத்தோடு, மூன்று கைத்துப்பாக்கிகள் இருந்தன. அவை சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டியில் ஒழுங்காக இருக்கின்றனவா என்று முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்க்கும் உரிமை அலுவலகத்துக்கு உண்டு. பார்க்கட்டும். என் பெட்டியில் ஒளிக்க ஒன்றுமில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று இங்குள்ள தமிழ்க் கோயிலில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்காதவர்கள் முதுகுக்குப் பின்னால், துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவன் துவக்குச் சேர்க்கிறான் என்று கதைத்திருக்கிறார்கள். உண்மைதான். பயந்துதான் ஓடிவந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்த காலம் முழுவதும் துவக்கை நான் முன்பக்கமிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையை நீட்டி, அந்தச் சிறிய கறுப்பு வட்டத்தைப் பார்க்காதவன் போல நிற்பேன். பிடித்திருந்தவன் எந்தப் பக்கத்து ஆள் என்பது வருடத்துக்கு வருடம் மாறியது. வட்டம் மாறவில்லை. அந்தத் துவக்குகளுக்கு இலக்கம் இருந்ததா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இலக்கம் இருந்தது எங்களுக்குத்தான்.

இங்கே டிராம் பணிமனையில் என்னோடு வேலை செய்த யூர்கன் ஒரு சனிக்கிழமை என்னைச் சங்கத்துக்குக் கூட்டிப் போனான். பொரித்த இறைச்சி நல்லாயிருக்கும் என்று சொன்னதால்தான் போனேன். கையில் ஒரு கைத்துப்பாக்கியைத் தந்து, தூரத்தில் ஒரு கடதாசியைக் காட்டினான். அன்றுதான் அந்தப் பொருளின் பின்பக்கத்தில் முதல் முறையாக நின்றேன். கடதாசியைத் தவிர எதிரில் யாருமில்லை. சுட்டு முடித்ததும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியாது.

அனுமதி எடுக்கப் போன இடத்தில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். யூர்கன் இதை இன்றுவரை ஒவ்வொரு சங்க விருந்திலும் சொல்கிறான். ஆயுதம் வாங்க விரும்புகிறவர் தனக்கு அதற்கான தேவை இருப்பதாகக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அந்தத் தேவைக்கு அவர்கள் பாவிக்கும் சொல் 'பெடுர்ஃப்னிஸ்'. ஒன்றுக்குப் போக வேண்டியிருப்பதை நாகரிகமாகச் சொல்வதற்கும் அதே சொல்தான், எனக்கு அந்தப் பொருள் மட்டுமே தெரியும். அலுவலர் கண்ணாடியை இறக்கி, "உங்களுக்கு பெடுர்ஃப்னிஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் பணிவாக, "இல்லை, நன்றி, வரும்போதே வீட்டில் போய்விட்டுத்தான் வந்தேன்" என்றேன். அவர் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்து, விண்ணப்பப் படிவத்தை எனக்காகத் தானே நிரப்பித் தந்தார்.

2

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். வந்தவர்களில் மூத்தவர் இலக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டு வந்து மூன்றாவது கைத்துப்பாக்கியில் நின்றுவிட்டார். அது சுவிஸ் இராணுவத்தின் 'பிஸ்டல் 49'. தென் ஜெர்மனியில் இறந்துபோன ஒரு சேகரிப்பாளரின் உடைமைகளை விற்ற கடைக்காரரிடமிருந்து நான் வாங்கியது. சேகரிப்பாளர்கள் மத்தியில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. மணிக்கூடு செய்யும் கவனத்தோடு செய்திருப்பார்கள். மேற்பகுதியைப் பின்னே இழுத்தால் உராய்வே தெரியாது, எண்ணெயில் போவது போலப் போகும். என்னுடையதில் குழாய், உடல், மேற்பகுதி மூன்றிலும் ஒரே இலக்கம். இலக்கத்துக்குப் பக்கத்தில் 'P' என்று சிறிதாக ஓர் எழுத்து அடித்திருந்தது.

"சேவை முடிந்து போகிற சிப்பாய் தன் ஆயுதத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். அப்படிக் கொடுக்கும்போது இந்த எழுத்தை அடிப்பார்கள்" என்றார் அவர். எனக்கு அது தெரியும். ஆனால் அடுத்து அவர் கேட்டது எனக்குத் தெரியாது. "அப்படியானால் இது யாரோ ஒருவருடையது. யாருடையது?"

"கடைக்காரரிடம் வாங்கினேன்."

"அதற்கு முன்னால்?"

 அவர் தேநீரைக் குடித்து, வசந்திக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேள்வி போகவில்லை.

எந்த ஊர், எந்த வழியாக வந்தாய், யார் கூட்டி வந்தார்கள், இடையில் எங்கே நின்றாய். அகதியாக இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இந்தக் கேள்விகளுக்கு எத்தனையோ மேசைகளின் முன்னால் பதில் சொன்னவன் நான். இந்த முறை கேள்வி கேட்கிற பக்கத்தில் இருப்போமே என்று தோன்றியது. அதில் ஒரு சந்தோசமும் இருந்தது.

துப்பாக்கியோடு அதன் தோல் உறையும் வந்திருந்தது. உறையில் அதைத் தைத்தவரின் பெயரும் ஊரும் அழுத்தமாகப் பதிந்திருந்தன. மூடியின் உட்புறத்தில், மங்கிய மையில், சார்ஜன்ட் என்பதன் சுருக்கமும் ஒரு பெயரும். நான் அவரை வெர்னர் என்று சொல்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. ஊர் சுவிஸில், பெரிய ஏரி ஒன்றுக்கு மேலே உள்ள ஒரு கிராமம். அதன் பெயரையும் எழுதவில்லை. காரணம் பின்னர் விளங்கும்.

அந்தக் கிராமத்திலும் ஒரு சுடுவோர் சங்கம் இருந்தது. எங்கள் சங்க முத்திரையோடு ஒரு கடிதம் போட்டேன். தலைவர் உடனே பதில் எழுதினார்: வெர்னரை ஊரில் எல்லோருக்கும் தெரியும், பாலாடைக்கட்டி செய்தவர், இறந்து பல வருடமாகிறது. மனைவி ரோஸ்மரி அதே வீட்டில் இருக்கிறார். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன், வெகு நேரம் பேசாமல் இருந்தார், பிறகு உங்களைத் தொலைபேசியில் கூப்பிடச் சொன்னார்.

வெகு நேரம் பேசாமல் இருந்தார் என்ற அந்தத் துண்டை நான் கவனித்திருக்க வேண்டும். சந்தோசத்தில் கவனிக்கவில்லை.

3

கூப்பிட்டேன். ரோஸ்மரி அம்மா பேசினார். நாற்பது வருடமாக ஜெர்மன் பேசி, ஜெர்மனில் சண்டை பிடித்து, ஜெர்மனில் டிராம் கதவு மூடுகிறது என்று எச்சரிக்கை சொன்னவன் நான். ஒரு சொல்லும் விளங்கவில்லை. சுவிஸ் மலைப் பேச்சு அப்படி. "மெதுவாகச் சொல்லுங்கள்" என்றேன். அதே பேச்சை அவர் மெதுவாகப் பேசினார். வந்த முதல் மாதத்தில் ரொட்டிக் கடையில் விரலால் காட்டிச் சாமான் வாங்கிய பையனாக நான் மறுபடி மாறிப்போனேன்.

எனக்குத் தெரிந்து அந்தப் பேச்சு விளங்கக்கூடிய ஒரே ஆள் என் மகள் துஷா. கொன்ஸ்டன்ஸில் படித்தபோது ஒரு சுவிஸ் பெண்ணோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள். இப்போது கார்ல்ஸ்ரூஹேயில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஆனால் இந்த விசயத்தில் அவளிடம் உதவி கேட்பது எனக்குச் சுலபமாக இல்லை.

துஷாவுக்கு மிலா என்று ஒரு மகள். மிலா நடக்கத் தொடங்கிய காலத்தில் துஷா என்னிடம், "துவக்கு இருக்கிற வீட்டிலை மிலா படுக்க மாட்டாள், அப்பா" என்றாள். பூட்டு இருக்கிறது, இரும்புப் பெட்டி இருக்கிறது, சட்டம் இருக்கிறது என்று நான் வாதாடினேன். அவள் ஜெர்மனுக்கு மாறினாள். என் மகள் சாப்பாடு கேட்பது தமிழில். கோபப்படுவதும் துக்கப்படுவதும் ஜெர்மனில். அந்த மொழிக்கு மாறினால் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு வந்தால் பகலில் வருவார்கள், பொழுதுபடமுன் போய்விடுவார்கள். பேத்திக்கு வசந்தி வாங்கி வைத்த சின்னக் கட்டிலில் நாங்கள் துவைத்த உடுப்புகளை மடித்து வைக்கிறோம்.

ஆனாலும் கேட்டேன். துஷா திருப்பிக் கேட்டாள்: "அந்தத் துவக்கைப் பற்றியோ?"

"ஓம் பிள்ளை. அதின்ரை பழைய ஆளைப் பற்றி."

"நம்பரைத் தாங்கோ."

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பக் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. "அவ போனிலை சொல்ல மாட்டாவாம். நேரிலை வரட்டாம். லீவிலை நான் கார் ஓடுறன். ஆனா துவக்கைக் கொண்டு வர வேண்டாமாம்."

4

கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் போனோம். நான் தோல் உறையை மட்டும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். எல்லையில் ஒருவரும் எங்களை நிறுத்தவில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் எல்லைகளை நான் கடந்த விதத்தைக் காரில் துஷாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். முன்னும் பல தடவை கேட்டிருப்பாள். இந்த முறை இடையில் இரண்டு கேள்வி கேட்டாள்.

வீடு மேட்டில் இருந்தது. பக்கத்தில் மூடிக் கிடந்த பாலாடைக்கட்டிக் கூடம். ரோஸ்மரி அம்மா மெலிந்த, நேரான உடம்புக்காரி. எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பிளம்ஸ் பழக் கேக் செய்து வைத்திருந்தார். உறையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து, மையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, அதைக் கொண்டுபோய் யன்னல் ஓரத்தில் வைத்தார். பிறகு துஷாவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

வெகு நேரம் பேசினார். எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள் மட்டும் விளங்கின. பால். காலை. நிலவறை. நான் துஷாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த முள்ளுக்கரண்டி கேக்குக்கு மேலே அப்படியே நின்றது. ரோஸ்மரி அம்மா பேசி முடித்து, எனக்குச் சொல்லும்படி அவளிடம் கையைக் காட்டினார்.

துஷாவின் தமிழ் வீட்டுத் தமிழ். சோறு, பள்ளிக்கூடம், மழை, காய்ச்சல். அதற்குள் இதை எப்படி அடக்குவது என்று அவள் யோசிப்பது எனக்குத் தெரிந்தது.

"அப்பா, பெரிய கொம்பனியள் வந்து பாலை வாங்கினதாலை, இவையின்ரை இடத்தைப் பூட்ட வேண்டி வந்ததாம். அதுக்குப் பிறகு அவருக்கு மனம் சுகமில்லை. கதைக்கிறேல்லை. சாப்பிடுறதும் குறைவு."

"ம்."

"ஒரு நாள் காலமை இவ உடுப்புத் தோய்க்கக் கீழை போயிருக்கிறா. நிலவறையிலை அவர் கதிரையிலை இருந்தவராம். இந்தத் துவக்கு கையிலை. அவர் தன்னை… அப்பா, அதுக்குத் தமிழ்ச் சொல் எனக்குத் தெரியாது."

"விளங்குது பிள்ளை. சொல்லு."

"இல்லை, நடக்கேல்லை. இவ கத்தேல்லையாம். அழேல்லையாம். கிட்டப் போய், உடுப்புக் கூடையை அவரின்ரை மடியிலை வைச்சவவாம். ஈர உடுப்பு, நல்ல பாரம். அதைப் பிடிக்கிறதுக்கு ரெண்டு கையும் வேணும். அவர் துவக்கை விட்டிட்டார். பிறகு ரெண்டு பேரும் மேலை வந்து அதைக் கொடியிலை காயப் போட்டவையாம்."

துஷா நிறுத்தினாள். ரோஸ்மரி அம்மா எழுந்து எனக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

மிச்சத்தையும் துஷா சொன்னாள். அன்று பகலே ரோஸ்மரி அம்மா துப்பாக்கியை வெர்னரின் தம்பியிடம் கொடுத்து, பொலிசில் ஒப்படைத்து அழிக்கச் சொல்லியிருக்கிறார். தம்பி அழித்துவிட்டதாகச் சொன்னார். அவரும் இப்போது இல்லை. அவ்வளவு அழகான ஒரு பொருளை உருக்க அவருக்கு மனம் வரவில்லைப் போலும். எங்கோ ஒரு சேகரிப்பாளரிடம் போய், அங்கிருந்து என்னிடம் வந்திருக்கிறது. வெர்னருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுகமானது. பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பல வருடங்களுக்குப் பிறகு, வயது போய், கட்டிலில், தூக்கத்தில் இறந்தார்.

இந்த இடத்தில் நான் ஒன்று செய்தேன். அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். துஷாவிடம் சொன்னேன்: "அவ விரும்பினா அந்தத் துவக்கை நான் அழிச்சுப்போடுறன் எண்டு சொல்லு."

நம்முடைய ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விருந்துக்குப் போன வீட்டில் இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்பார்கள், வேண்டாம் என்போம். மறுபடி கேட்பார்கள், மறுபடி வேண்டாம் என்போம். கேட்பதும் மறுப்பதும் ஒரு மரியாதை. அந்த அம்மாவும், ஐயோ வேண்டாம், இப்போது அது உங்களுடையது அல்லவா என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

துஷா மொழிபெயர்த்தாள். ரோஸ்மரி அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "ஆம்" என்றார், எனக்கு விளங்கும் ஜெர்மனில். "அப்படியே செய்யுங்கள்."

5

திரும்பி வரும்போது எல்லையைத் தாண்டினோம். பிறகு துஷாவுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்பா, அவ ஓம் எண்டு சொல்லுவா எண்டு நீங்கள் நினைக்கேல்லை, என்ன?"

"உன்ரை மொழிபெயர்ப்பிலைதான் பிழை. கொஞ்சம் அழுத்திச் சொல்லிப்போட்டாய்."

"நீங்கள் சொன்னதைத்தான் சொன்னனான்." கொஞ்சத் தூரம் போனபின் சிரிப்பில்லாமல் கேட்டாள். "உண்மையா அழிக்கப் போறியளோ? உங்களுக்கு எவ்வளவு விருப்பமானது அது. செய்யாட்டிலும் அவவுக்குத் தெரியவராது தானே."

துவக்கை வெறுக்கிற என் மகள் எனக்காக அதைச் சொன்னாள். அது எனக்குப் பெரிய விசயமாக இருந்தது. "நீதானே பிள்ளை மொழிபெயர்த்தது. இப்ப உனக்கும் தெரியும்" என்றேன்.

உடனே செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இலையுதிர்காலம் முழுவதும் இழுத்தடித்தேன். இரண்டு முறை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தேன். மேற்பகுதி முன்போலவே சத்தமில்லாமல் போய் வந்தது. முன்பு அது எந்த வரலாறும் இல்லாமல் என் கையில் அழகாக இருந்தது. இப்போது கையில் எடுத்தால் ஈர உடுப்புக் கூடையின் பாரம் ஞாபகம் வந்தது. சங்கத்தில் யூர்கனுக்குச் சொன்னபோது கோபப்பட்டான். "மூன்று இலக்கமும் ஒன்றாக இருக்கிற ஒன்றை உருக்கப் போகிறாயா? எனக்கு விற்றுவிடு. நான் யாருக்கும் சொல்லமாட்டேன்." அவன் கெட்டவன் அல்ல. வெர்னரின் தம்பியும் கெட்டவர் அல்ல. இருவரும் ஒரே மாதிரித்தான் யோசித்தார்கள் என்பது மனதில் பட்டபோது நான் முடிவெடுத்தேன். பூர்வீகம் கேட்டவன் நான். பதில் வந்துவிட்டது. பதிலைக் கேட்டபிறகு கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

தொலைபேசியில் நேரம் குறித்துக்கொண்டு ஆயுத அனுமதி அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்த இளம் பெண் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது சேகரிப்பாளர்கள் தேடுகிற ஒன்று. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"விற்கலாம். சுட முடியாதபடி செய்து அலுமாரியில் வைக்கலாம். ஒரு அருங்காட்சியகம்கூட எடுக்கக்கூடும்."

"நல்ல யோசனைகள். நான் அழிக்கத்தான் கொண்டு வந்தேன். உருக்கி முடித்ததும் எனக்கு யாராவது சொல்ல வேண்டும்."

"அப்படிச் சொல்கிற வழக்கம் இல்லை."

"நான் கேட்கிறேன், நீங்கள் முடிந்தால் செய்யுங்கள்" என்றேன். அலுவலகங்களில் தலை குனிந்து நின்ற காலம் எனக்கு எப்போதோ முடிந்துவிட்டது. கோபம் இல்லாமல், அவசரம் இல்லாமல், நாற்காலியை விட்டு எழும்பாமல் கேட்டால் இந்த நாட்டில் பாதி விசயம் நடக்கும். அவள் என் தொலைபேசி இலக்கத்தை ஒரு ஒட்டுத்தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள்.

இதைப் படித்துவிட்டு நான் துவக்கை விட்டுவிட்டேன் என்று யாரும் கோயிலில் செய்தி பரப்ப வேண்டாம். மற்ற இரண்டும் பெட்டியில்தான் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் சுடப் போகிறேன், இந்த வருடச் சங்கப் போட்டியில் யூர்கனை முந்தியும் விட்டேன். மிலா இன்னும் எங்கள் வீட்டில் படுக்கவில்லை. இரண்டு இருந்தாலும் துவக்கு துவக்குத்தான் என்கிறாள் துஷா. நானும் விட்டுக்கொடுக்கவில்லை, அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இப்போது இதைப்பற்றித் தமிழில் சண்டை பிடிக்கிறோம். அன்றைக்குத் தெரியாமல் போன அந்தச் சொல்லை ஒரு நாள் தொலைபேசியில் என்னிடம் கேட்டாள். சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதை நீங்கள் எனக்கு முதலே சொல்லித் தராதது நல்லது" என்றாள்.

குளிர் தொடங்கிய பிறகு அலுவலகத்துப் பெண் கூப்பிட்டாள். முடிந்துவிட்டது என்றாள். அவ்வளவுதான். நான் நன்றி சொன்னேன்.

அன்று மாலையே ரோஸ்மரி அம்மாவைக் கூப்பிட்டேன். இந்த முறை துஷாவிடம் கேட்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எழுதி வைத்து வாசிக்காமல், வந்த ஜெர்மனில் சொன்னேன்: உருக்கிவிட்டார்கள், என்னிடம் உறுதியாகச் சொன்னார்கள், இனி அது எங்கும் இல்லை.

 பிறகு அவர் பேசினார். எனக்காக மலைப் பேச்சை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். எல்லாம் விளங்கியது.

"உடுப்புக் காயப் போட்ட அந்த நாளுக்கு ஒரு வாரம் கழித்து வெர்னர் என்னைக் கேட்டார், அது எங்கே என்று. உருக்கியாயிற்று, இனி இல்லை என்று சொன்னேன். அவர் சாகும்வரை அதை நம்பினார். நம்பித்தான் தூங்கினார். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான் அவருக்குப் பொய் சொன்னவளாக இருந்தேன்."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இப்போது இல்லை" என்றார் அவர்.

தொலைபேசியை வைத்தேன். குசினியிலிருந்து வசந்தி, "என்னவாம்?" என்று கேட்டாள்.

"சரியாம்" என்றேன்.